கல் கட்டங்களுக்குள் திராட்சை: பிகோ தீவின் சுவர்கள்

அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த அசோரஸ் தீவுகளில் ஒன்று பிகோ. எரிமலைத் தீவு என்பதால் கடலோரமெங்கும் கரும்பாறைதான். ஏர் பூட்ட மண் கிடையாது. 15-ம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் பாறை வெடிப்புகளில் திராட்சையை நட்டார்கள். பக்கத்துத் தீவான ஃபயாலில் இருந்து படகில் மண் கொண்டுவந்து போட்டதும் உண்டு.

கடல் காற்றும் உப்புச் சாரலும் கொடியைக் கருக்கிவிடும். அதற்காக, நிலத்தில் பொறுக்கிய கல்லையே அடுக்கிச் சிறு சிறு கட்டங்களாகச் சுவர் எழுப்பினார்கள். இந்தக் கட்டத்துக்கு அங்கே 'குராய்ஸ்' என்று பெயர். ஒரு கட்டத்துக்குள் சில கொடிகள் மட்டுமே இருக்கும். பந்தல் இல்லை, தரையோடு படரும். சுவரில் சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் கிடையாது. கல் இடுக்கு வழியே கொஞ்சம் காற்று புகுந்து வேகம் தணியும். அடைத்துக் கட்டிய சுவர் என்றால் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று அடிக்கும். சவுக்கு வரிசை வைத்தவர்களுக்கு இது புரியும். கருங்கல் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடுவதால் பழமும் நன்றாகப் பழுக்கும்.

வெர்டெல்யோ என்ற ரகத்தில் செய்த ஒயின் ரஷ்ய அரண்மனை வரை போனது. 1850-களில் சாம்பல் நோய் வந்தது. கந்தகத்தூளால் கட்டுப்படுத்தக்கூடிய நோய்தான்; ஆனால் அன்று அந்த முறை பரவலாகவில்லை. 1870-களில் வட அமெரிக்காவில் இருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி மிச்சத்தையும் அழித்தது. பல குடும்பங்கள் கப்பலேறிப் போயின. இருந்தவர்கள் வேர்ப்பூச்சியைத் தாங்கும் இசபெல்லா போன்ற அமெரிக்க ரகங்களுக்கு மாறினார்கள். பழைய ரகத்தை அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதுதான் பூச்சிக்கு நிலைத்த தீர்வு.

கைவிட்ட கட்டங்களில் புதர் மண்டியது. ஆஸ்திரேலியாவில் இருந்து வேலிக்காகக் கொண்டுவந்த ஒரு மரம் களையாகப் பரவியது. சுவருக்குள் வேர்விடும் மரம் பருக்கும்போது கற்களைத் தள்ளிவிடும். அதனால் சுவர் மேல் முளைத்ததைக் கன்றிலேயே பிடுங்குவது நல்லது.

2004-ல் யுனெஸ்கோ இங்குள்ள 987 ஹெக்டேரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அரசு மானியத்துடன் பழைய கட்டங்களில் மீண்டும் திராட்சை நடுகிறார்கள். சரிந்த கல் அங்கேயே கிடப்பதால் சுவருக்குப் பொருள் செலவில்லை, கூலிதான் செலவு. டிராக்டர் உள்ளே நுழையாது. களை எடுப்பு, கவாத்து, அறுவடை எல்லாமே கைவேலை.