படைக்குரு சின்னம் (திருகோணமலை)

திருகோணமலை 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்தது. அங்கு கிடைக்கும் படைக்குருமாரின் (படையினருக்குச் சமயப் பணி செய்யும் குருமாரின்) சிலுவைச் சின்னங்கள் எல்லாமே கடற்படையைச் சேர்ந்தவை என்று எண்ணிவிடக் கூடாது.

தரைப்படைக் கிறிஸ்தவக் குருவின் தொப்பிச் சின்னத்தில் இலைவளையத்துள் மால்டா சிலுவையும் மேலே அரச முடியும் இருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சின்னத்தில், 'இந்த அடையாளத்தால் வெல்' எனப் பொருள்படும் ஆங்கில வாசகமும் உண்டு. உரோமைப் பேரரசர் கொன்ஸ்தந்தீன் கதையிலிருந்து வந்த வாசகம் இது. சிலுவைக்குப் பதிலாகத் தாவீதின் நட்சத்திரம் இருந்தால் அது யூதக் குருவுடையது. அரிதான இச்சின்னமே பலரைக் குழப்புகிறது.

சின்னத்தின் காலத்தைக் கணிக்க அதிலுள்ள அரச முடியைப் பார்க்க வேண்டும். அதன் வளைவுகள் குவிமாடம்போல் உயர்ந்திருந்தால் 1952 வரையிலான மன்னர் காலம். நடுவில் பள்ளமாகத் தாழ்ந்திருந்தால் எலிசபெத் அரசி காலம். திருகோணமலைத் தளத்தின் கடைசி ஆண்டுகளில் இரண்டும் புழங்கியிருக்கலாம். ஆகவே முடியை மட்டும் வைத்து முடிவுகட்டலாகாது.

நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தின் கல்லறைகளில் படைப்பிரிவுச் சின்னங்கள் காணப்படுகின்றன. கிடைத்த சின்னத்தை ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும்.