கிணற்றுக்குள் இறங்கிய கொத்தவரை

கொத்தவரங்காய் பொரியல் என்றாலே நான் தட்டை நகர்த்திவைப்பவன். "அதுல அப்படி என்னடா இருக்கு?" என்பாள் அம்மா. இஞ்சினியரிங் முடித்துப் பல வருஷம் கழித்துத்தான் பதில் தெரிந்தது. அதன் விதையில், தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் பிசின் இருக்கிறது.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது குழாய் வழியே சேற்றுக்குழம்பைச் செலுத்துவார்கள். துளைமுனையைக் குளிர்வித்து, பாறைத்தூளை மேலே கொண்டுவந்து, சுவர் சரியாமல் தாங்குவது அதன் வேலை. ஆனால் நுண்துளைப் பாறை குழம்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். சுவரில் படியும் சேற்றுத்தோல் தடித்துக்கொண்டே போனால் குழாயே மாட்டிக்கொள்ளும். தோல் மெல்லியதாகவும் கசியாததாகவும் இருக்க வேண்டும்.

அதற்குத் தீர்வு தேடியவர்கள் சமையலறைப் பொருட்களிடம்தான் போனார்கள். 1887இல் சாப்மன் என்ற அமெரிக்கர், களிமண்ணோடு தவிடும் தானியமும் கலந்து கிணற்றுச் சுவரைப் பூசலாம் என்று காப்புரிமை விண்ணப்பத்தில் எழுதினார். 1930களின் இறுதியில் வேகவைத்த மாவுச்சத்து வந்தது. வேட்டிக்குப் போடும் கஞ்சிதான், வேறொன்றுமில்லை. கஞ்சி என்றால் புளிக்கும் இல்லையா? அதைத் தடுக்க உப்பு நிறைந்த குழம்பில் கலந்தார்கள், இல்லையென்றால் கெடாமலிருக்க மருந்து சேர்த்தார்கள்.

கொத்தவரையின் கதை வேறு வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக்கடல் கரோப் மரத்தின் விதைப்பிசின் கிடைக்காமல் போக, அமெரிக்கக் காகித ஆலைகள் இந்தப் பிசினுக்கு மாறின. பிறகு எண்ணெய்க்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். பாறையைப் பிளக்கும் ஃப்ராக்கிங்கில், மணலைச் சுமந்து செல்லும் கூழாகவும், திரவம் பாறைக்குள் கசியாமல் தடுக்கும் தோலாகவும் அது பயன்பட்டது.

உலகின் கொத்தவரை விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவுடையது. அதிலும் முக்கியமாக ராஜஸ்தான் மானாவாரி நிலத்துடையது. அமெரிக்காவில் ஃப்ராக்கிங் பெருகியதும் விலை பறந்தது. 2012 மார்ச்சில் ஒரு குவிண்டால் விதை 30,000 ரூபாய் வரை போக, முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். பிசின் விலையால் லாபம் அடிபட்டதாக ஹாலிபர்ட்டன் நிறுவனம் சொன்னது. அந்த விலையைப் பார்த்து அடுத்த பருவத்தில் இன்னும் நிறைய நிலத்தில் விதைத்தார்கள். விலை இறங்கியது. 2014 கடைசியில் கச்சா எண்ணெயும் சரிய, மிச்சமிருந்த மவுசும் போயிற்று.

குழம்பு எவ்வளவு கசிகிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: சுமார் 7 பார் அழுத்தம், 30 நிமிடம், வடிகட்டித் தாளின் கீழே எத்தனை மில்லி. அந்த இழப்பை அவ்வளவு துல்லியமாக அளக்கிறோம். விலையை நம்பி விதைத்தவரின் இழப்பை அளக்க எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.