பிரான்சில் படிப்புக்குப் பிந்தைய பணி உரிமை: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய் முதுகலை முடித்த ஒருவர் அங்கேயே தங்கி வேலை தேடலாமா என்பதை அவருடைய கடவுச்சீட்டும் பட்டமும் முடிவு செய்கின்றன. ஒரே தெருவில் பிறந்து ஒரே பள்ளியில் படித்த இருவரில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவருக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கோ மாதக் கணக்கில்தான் அவகாசம். இந்த வேறுபாடு உருவான வரலாற்றை 1881 முதல் இன்றுவரை இக்கட்டுரை ஆராய்கிறது. பிறப்பையும் சட்டநிலையையும் சார்ந்திருந்த உரிமை இன்று பட்டத்தைச் சார்ந்ததாக மாறியிருக்கிறது. அதனால் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. ஆனால் நம் கல்விக்கடன் விதிகள் அந்த மாற்றத்தோடு இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதே இதன் வாதம்.

சட்டநிலை தந்த வாய்ப்பு

1749இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த வில்லியனூரும் பாகூரும் ஏரிப் பாசனத்தை நம்பிய உழவு நிலப்பகுதிகள். 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணை இவ்விரண்டையும் கொம்யூன்கள் எனும் உள்ளாட்சி அமைப்புகளாக்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வந்த ஆணை, சாதி, சமய வழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க வழிவகுத்தது. அப்படித் துறந்தவர்கள் தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு பதிவு செய்துகொண்டார்கள்.

இதன் பயன் கடல் கடந்தும் தெரிந்தது. சைகோனிலும் இந்தோசீனாவின் பிற பகுதிகளிலும் சுங்கம், வரி, நீதிமன்ற அலுவலகங்களிலும் படையிலும் புதுச்சேரிக்காரர்கள் பணியில் அமர்ந்தார்கள். பிரெஞ்சு மொழிக் கல்வியும் மாறிய சட்டநிலையும் சேர்ந்து வேலைக்கான தகுதியாயின. ஆனால் துறந்தவர்கள் மொத்த மக்களில் சிறுபான்மையினரே. பெரும்பாலான கிராமத்தார் பழைய தனிச்சட்டத்திலேயே நீடித்தனர்.

ஆறு மாத அவகாசம்

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பகுதியிலுள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அதன்படி, இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிகள் தாமாகவே இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கும் தந்தையின் முடிவே பொருந்தும். இன்றைய பணி உரிமையின் வேர் இந்த விதியில்தான் இருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் தந்தை எழுதிக் கொடுத்தாரா என்பதைப் பொறுத்தே பேரன் பாரீசில் வேலை பார்க்கும் உரிமையும் அமைந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேரே. ஊரில் 'சொல்தா' என்று அழைக்கப்படும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியர் குடும்பங்கள் அவர்களில் முக்கியமானவை.

பட்டம் தரும் உரிமை

பிரான்சில் 2006 ஜூலை 24ஆம் நாள் சட்டம், முதுகலை முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆறு மாதத் தற்காலிகத் தங்கல் அனுமதியை அளித்தது. படிப்புக்கேற்ற வேலையும் குறைந்தபட்ச ஊதியத்தின் ஒன்றரை மடங்கு சம்பளமும் கிடைத்தால் பணி அனுமதிக்கு மாறிக்கொள்ளலாம். 2011 மே 31இல் உள்துறை அமைச்சர் குளோத் கெயான் அனுப்பிய சுற்றறிக்கை இந்த வாசலைக் குறுக்கியது. மாணவர் எதிர்ப்புக்குப் பின், ஆட்சி மாறியதும், சரியாக ஓராண்டில் அது திரும்பப் பெறப்பட்டது. 2013 ஜூலை 22ஆம் நாள் சட்டம் அவகாசத்தைப் பன்னிரண்டு மாதமாக்கியது.

இங்கிலாந்தும் 2012இல் இத்தகைய வழியை மூடி, 2021இல் மீண்டும் திறந்தது. ஒரு நாடு தானாக அளிக்கும் சலுகையைத் தானாகவே பறிக்கவும் முடியும். அந்த வகையில் 2018 மார்ச் 10இல் இந்தியாவும் பிரான்சும் செய்த இடப்பெயர்வு ஒப்பந்தம் முக்கியமானது. 2021 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த இது, இந்திய மாணவர்களின் பன்னிரண்டு மாத அனுமதியை ஒருமுறை புதுப்பிக்க இடமளித்து, அவகாசத்தை 24 மாதமாக்கியது. 2023இல் முன்னாள் மாணவர்களுக்கு அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டு விசாவை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது குறுகிய காலப் பயணங்களுக்கானது, வேலை உரிமை தராது.

நிலமும் கடனும்

சட்டத்தின் முன் இன்று பாகூர் நெல் விவசாயியின் மகளும் நகரத்து அதிகாரியின் மகனும் சமம். வங்கியின் முன் அப்படி இல்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டும். 2002ஆம் ஆண்டின் கடன் மீட்புச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால் வங்கிகள் நஞ்சையைப் பிணையாக ஏற்கத் தயங்குகின்றன. இரண்டு காணி நன்செய் வைத்திருக்கும் குடும்பமும் கடைசியில் குடியிருக்கும் வீட்டைத்தான் அடமானம் வைக்க நேர்கிறது.

திருப்பிச் செலுத்தும் காலம் படிப்பு முடிந்து ஓராண்டில் தொடங்கிவிடுகிறது. பிரான்சு இரண்டாண்டு அவகாசம் தந்தாலும், இரண்டாம் ஆண்டில் மாதத் தவணை வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அந்த நெருக்கடியில் படிப்புக்குத் தொடர்பில்லாத, ஒன்றரை மடங்கு சம்பளத்தை எட்டாத வேலையில் சேர்பவருக்குப் பணி அனுமதிக்கான வழி அடைபட்டுப் போகிறது. இரு அரசுகள் பேசி முடிவு செய்த கூடுதல் பன்னிரண்டு மாதத்தின் பயன் இவ்வாறு கிராமத்து மாணவருக்குக் கிட்டாமல் போகிறது.

முடிவுரை

1962இல் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்த மக்களுக்குப் போதிய நேரமும் விளக்கமும் கிடைக்கவில்லை என்றால், அந்த இழப்பை இன்று ஈடுசெய்ய வழியில்லை. இன்றைய விதிகளில் செய்யக்கூடியது உண்டு. வெளிநாட்டுக் கல்விக்கடனின் தவணை விலக்கை ஒப்பந்தம் தரும் 24 மாதத்தோடு இணைக்க வேண்டும். விவசாயக் குடும்பங்களுக்குப் புதுச்சேரி அரசே பிணை நிற்க வேண்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களில் இந்த விதிகளைத் தமிழில் விளக்கும் ஏற்பாடு வேண்டும். குடியுரிமையைப் போலப் பட்டம் பரம்பரையாக வருவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகப் படித்துத்தான் பெற வேண்டும். படித்துப் பெற்றதன் பலனைக் கடன் தவணை பறித்துவிடாமல் காப்பது அரசின் கடமை.