உலகப் போரும் ஊர் வரலாறும்: பொம்மனஹள்ளி மாணவர்க்கு ஓர் ஆய்வுக்களம்

இரண்டாம் உலகப் போரின் விளைவுகள் போர்முனை காணாத ஊர்களையும் மாற்றின. ஓசூர்ச் சாலையில் அமைந்த பொம்மனஹள்ளியின் பள்ளி மாணவர் இதனை ஆராயப் புகின், சான்றுகளைப் பெங்களூரிலேயே காணலாம்.

1940 திசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையுடன் இங்கு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை நிறுவினார். 1942இல் இந்திய அரசு அதன் நிருவாகத்தை ஏற்றது. 1943இல் அது அமெரிக்க வான்படையின் பழுதுபார்ப்பு நிலையமாயிற்று. ஜாலஹள்ளியில் இத்தாலியப் போர்க்கைதிகள் காவலில் வைக்கப்பெற்றனர். 1942இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. தட்டுப்பாடும் பங்கீடும் அடுக்களை வரை எட்டின.

பங்கீடு அரசாணைகளில் பதிவாகியுள்ளது. அதனைக் குடும்பங்கள் எதிர்கொண்ட விதமோ பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே உள்ளது. 1945இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். ஆதலின் மாணவர் முதற்கண் நாட வேண்டியது அண்டை வீட்டு முதியோரையே. அரிசிக்கு மாற்றாக உண்டது எது, ஆலை வேலை தேடி வந்தவர் யார், போருக்குச் சென்று மீளாதவர் யார் என வினவி, தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என அவரவர் மொழியிலேயே பதிவு செய்தல் வேண்டும். நினைவில் ஆண்டுகள் பிறழக்கூடுமாதலின், பின்னர் அவற்றை நாளிதழ்களோடும் ஆவணங்களோடும் ஒப்பிடுதல் இன்றியமையாதது. ஒப்பீட்டுக்குரிய ஆவணங்கள் நாளையும் கிடைக்கும். முதியோர் கூற்று இன்று மட்டுமே கிடைப்பது.