குடிசன மதிப்பீடும் இனவகைப்பாடும்: புத்தளக் கரையோரம் பற்றிய ஒரு குறிப்பு

குடிசன மதிப்பீட்டை வெறும் எண்ணிக்கைப் பணியாகவே கருதும் போக்கு நம்மிடையே இன்றும் உண்டு. ஆயின், எண்ணுவதற்கு முன்னர் வகுக்க வேண்டும். யாரை எக்கூறிற் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். குடியேற்ற ஆட்சியில் அத்தீர்மானம் எண்ணப்பட்டோரிடம் இருக்கவில்லை. இதனை விளங்கிக்கொள்ள, எலுவன்குளத்திலிருந்து கற்பிட்டிவரை பரந்துள்ள புத்தளக் கரையோரம் பொருத்தமான களமாகும்.

புத்தளத்திலிருந்து வில்பத்துக் காட்டினூடே மன்னாருக்குச் செல்லும் பழைய பாதையில், கலா ஓயாவுக்கு அண்மையில் அமைந்தது எலுவன்குளம். இப்பிரதேசத்தில் மொழி, மதம், குலம் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் அமைவதில்லை. முக்குவருள் கத்தோலிக்கரும் உளர், இஸ்லாமியரும் உளர். இஸ்லாமியரின் தாய்மொழி தமிழ். உள்நாட்டிலுள்ள ‘தெமள ஹத்பத்து’ பெயரளவில் தமிழரின் ஏழு பற்று. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலார் சிங்களம் பேசுவோர்.

1871இல் இலங்கையின் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு நடைபெற்றது. 1881இல் மக்கள் ஏழு பெரும் ‘இன’ங்களுள் அடக்கப்பட்டனர். 1901இல் பொன்னம்பலம் அருணாசலத்தின் மேற்பார்வையில் நிகழ்ந்த மதிப்பீடு சிங்களவரைக் கரைநாட்டார், கண்டியர் என வேறுபடுத்திற்று. 1911இல், டெனம் காலத்தில், இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனி நிரல்களில் எழுதப்பட்டனர். மேற்கூறிய முக்குவரை இந்நிரல்களில் வைத்து நோக்குமிடத்து, ஒரே குலத்தார் மதம் காரணமாக ‘தமிழர்’, ‘சோனகர்’ என்னும் இரு இனங்களாகப் பிரிந்துவிடுதலைக் காணலாம்.

இவ்வகைப்பாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சட்டநிரூபண சபையின் நியமன ஆசனங்கள் இன அடிப்படையிலேயே வழங்கப்பட்டன. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1838 முதல் 1845 வரை அங்குத் தமிழர் சார்பில் அமர்ந்தவர். சோனகர் இனத்தால் தமிழரே என இராமநாதன் 1880களில் வாதிட்டார். 1889இல் சோனகருக்குத் தனி ஆசனம் கிடைத்தது. 1907இல் அப்துல் அசீஸ் இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். இஸ்லாமியரின் தனித்துவ உணர்வுக்குச் சமய, சமூக வேர்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரு தரப்பினரும் ‘இனம்’ என்ற ஆட்சியாளரின் அளவுகோலையே ஏற்று வாதிட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. படித்த, வசதி படைத்த மேல்மட்டத்தாரின் பங்குப்போட்டிக்கு அவ்வளவுகோலே உகந்ததாயிருந்தது.

மதிப்பீட்டு அறிக்கைகளில் தொழில் அட்டவணைகளும் இருந்தன. ஆனால் புத்தளத்து உப்பளத் தொழிலாளிக்கோ, மீனவனுக்கோ, தென்னந்தோட்டக் கூலிக்கோ அத்தொழிலின் பெயரால் எந்த ஆசனமும் ஒதுக்கப்படவில்லை. ஒரே அளத்தில் உழைத்தவர்கள் அரசியலில் வெவ்வேறு கூறுகளாகவே கணிக்கப்பட்டனர்.

இதன் விளைவுகள் குடியேற்ற ஆட்சியோடு முடியவில்லை. 1911இல் தனி நிரலாக்கப்பட்ட இந்தியத் தமிழருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலேயே தஞ்சமடைந்தனர். தமிழையே பேசிய அம்மக்கள் தமிழரல்லர் என்று கொள்ளப்பட்டே துரத்தப்பட்டனர். அட்டவணைக் கோடுகள் மட்டுமே இவற்றுக்குக் காரணமென்பது மிகைக்கூற்றாகும். ஆனால் இவ்வநீதிகள் அக்கோடுகளின் வழியே நிகழ்ந்தன.

எனவே குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளை ஆய்வாளர் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவற்றின் எண்களைப் பயன்படுத்துமுன், நிரல்களின் தலைப்புகளை எழுதியவர் யாவர், அவற்றாற் பயனடைந்த வர்க்கம் எது என்ற வினாக்களை எழுப்புதல் வேண்டும். புத்தளக் கரையின் உழைக்கும் மக்களது வரலாறு அவ்வினாக்களிலிருந்தே தொடங்கற்பாலது.