புளியந்தீவுக் கோட்டையும் காவற்கோபுர விளையாட்டும்



சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் என் அறைக்கு வந்து, புளியந்தீவுக் கோட்டையின் நிலப்படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டனர். வரலாற்றில் இவர்களுக்கு இத்துணை ஆர்வம் எப்போது பிறந்தது என்று வியந்தேன். அந்த வியப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. கைத்தொலைபேசியில் ஆடுவதற்குரிய விளையாட்டொன்றை அவர்கள் ஆக்கிக்கொண்டிருந்தனர். பகைவர் ஒரு பாதை வழியே அணி அணியாக வருவர். ஆடுபவர் அப்பாதையோரம் காவற்கோபுரங்களை நிறுவி, அவர்கள் கோட்டையை எட்டுமுன் தடுத்தல் வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்த களம் நம் மட்டக்களப்பு வாவி.

இவ்வகை விளையாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் ‘ராம்பார்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. கப்பல்கள் கோட்டை மதிலைக் குண்டெறிந்து தகர்க்கும். குறித்த நேரத்துள் மதிலை மீளக் கட்டிமுடிக்காதவர் தோற்பார். 2007இல் பால் பிரீஸ் என்பவர் ஆக்கிய ‘டெஸ்க்டொப் டவர் டிபென்ஸ்’ இணையத்தில் பெரும்புகழ் பெற்றது. மறு ஆண்டே ‘பீல்ட்ரன்னர்ஸ்’ என்பது ஐபோனுக்கு வந்தது. நம் முன்னோர் திண்ணையில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தையும் இதற்குத் தூரத்து உறவென்று கொள்ளலாம். 3 புலிகளும் 15 ஆடுகளும் சமபலம் உடையனவல்ல. ஆயினும் இடமறிந்து வைக்கப்பட்ட ஆடுகள் புலியை அடைத்துவிடும்.

எண்களில்தான் முழு வித்தையும் இருக்கிறது என்று மாணவர் எனக்கு விளக்கினர். ஒரு கோபுரம் செக்கனுக்கு ஒருமுறை சுட்டு, ஒவ்வொரு முறையும் 10 அலகு சேதம் விளைவிப்பதாகக் கொள்வோம். அதன் வீச்செல்லையைக் கடக்கப் பகைவனுக்கு 6 செக்கன் செல்லுமாயின் அவன் இழப்பது 60 அலகு. அவன் பலம் 100 எனில் ஒரு கோபுரம் போதாது. இரண்டாவதைக் கட்டவேண்டும்; அல்லது பாதை வளையும் இடத்தில் முதலாவதை வைத்து, அவன் இருமுறை எல்லைக்குள் வரச் செய்யவேண்டும். கலைப்பட்டதாரியாகிய எனக்கும் இது விளங்கிற்று. ஏனெனில் கோட்டை கட்டியோர் கணக்கும் இதுவே. வட்டக் கோபுரத்தின் அடியில் பீரங்கிக்கு எட்டாத மறைவிடம் ஒன்று எஞ்சும். அதனாலேயே ஐரோப்பியர் மூலைகளில் வெளியே நீண்ட கொத்தளங்களை அமைத்தனர். ஒரு கொத்தளத்தின் பீரங்கி அடுத்ததன் மதிலைக் காக்கும். நம் கோட்டைக்கும் நான்கு கொத்தளங்கள். இரு புறம் வாவி, இரு புறம் அகழி.

போர்த்துக்கேயர் 1628இல் இதனைக் கட்டினர். பத்தாண்டு கழிந்ததும் அது வீழ்ந்தது. 1638 மார்ச்சு 28ஆம் நாள் கன்னொறுவையில் கண்டிப் படை போர்த்துக்கேயச் சேனையை அழித்தது. இனி உள்நாட்டிலிருந்து உதவி வருமென்ற நம்பிக்கை கோட்டைக்காரருக்கு இல்லை. அடுத்து அடம் வெஸ்டர்வோல்ட் தலைமையில் ஒல்லாந்தக் கப்பல்கள் கடலில் தோன்றின. இரண்டாம் இராசசிங்கனின் படை தரைவழியே வந்தது. மே 18ஆம் நாள் பீரங்கி வீச்சின் பின் கோட்டை பணிந்தது. நான்கு கொத்தளமும் அகழியும் இருந்தும் பயனில்லை. இதனைக் கேட்ட மாணவன் ஒருவன், “அப்படியானால் எங்கள் விளையாட்டில் எவரும் வெல்ல முடியாதே, சேர்!” என்று முகம் வாடினான்.

பொற்காசு பற்றியும் வாதம் எழுந்தது. விளையாட்டில் பகைவன் ஒருவன் வீழ்ந்தால் ஆடுபவனுக்குக் காசு சேரும். அக்காசால் அடுத்த கோபுரம் எழும். 1638இல் காசு கொடுத்தவர் யார்? மே 23ஆம் நாள் மட்டக்களப்பில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி ஒல்லாந்தரின் போர்ச்செலவைக் கண்டி மன்னனே கறுவாவும் மிளகும் பிறவுமாகத் தீர்க்க வேண்டியிருந்தது. கைப்பற்றிய கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது ‘மன்னன் விரும்பினால்’ என்ற சொற்கள் அரசனிடம் இருந்த படியில் உண்டு. ஒல்லாந்தப் படியில் இல்லை. அந்த ஓரிரு சொற்களின் விளைவை இத்தீவு நெடுங்காலம் அனுபவித்தது. 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை கரையோரம் ஒல்லாந்தர் வசமே இருந்தது.

இவ்வளவும் சொன்னபின்னும் என் மனம் அவ்விளையாட்டில் முழுதாக ஒன்றவில்லை. காரணம் சொல்கிறேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலம் போர்க்காலம். பாடசாலை செல்லும் வழியில் காவலரண்கள் நின்றன. அவற்றின் வீச்செல்லைக்குள் நாள்தோறும் சைக்கிளில் சென்றோருள் நானும் ஒருவன். 2009இல் போர் முடிந்தபோது இம்மாணவர் பேசவும் அறியாத குழந்தைகள். திரையில் பாதை வழியே ஊர்ந்த சிவப்புப் புள்ளிகளை அவர்கள் பகைவராகவே கண்டனர். என் கண்ணுக்கு அவை அவ்வாறு தோன்றவில்லை. இதனை அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை.

இரு வாரம் கழித்துப் புதிய படியுடன் வந்தனர். இப்போது வாவியில் மீனவர் தோணிகளும் போய்வந்தன. கோபுரம் தனக்கு மிக அருகில் அசைவதையே சுடும் என்பது பழைய விதி. தோணி எது, பகைவன் எவன் என்று பிரித்தறியும் விதியை எழுதவே அவ்விரு வாரமும் சென்றதாம். அருகருகே வந்தால் கோபுரம் இன்னும் தவறிவிடுகிறது. தோணி ஒன்று மூழ்கினால் சேர்த்த காசு முழுதும் போய்விடும். வெற்றிக்கும் வேறு கணக்கு வகுத்திருந்தனர். கோட்டை கடைசியில் வீழத்தான் செய்யும். எத்தனை அணிகளைத் தாங்கிற்று, எத்தனை தோணிகள் கரைசேர்ந்தன என்பதே புள்ளி.

என்னையும் ஆடச் செய்தனர். நான்காம் அணியில் கோட்டையை இழந்தேன். தோணிகளில் இரண்டு மூழ்கின.