இழுப்பறைப் பூட்டு வந்த வழி



தோட்டத்து வீடுகளில் இரும்புப் பெட்டகம் கிடையாது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கணக்குத் தாள், இரண்டொரு நகை, சீட்டுப் பணம் எல்லாம் அலமாரியின் இழுப்பறைக்குள்தான் இருக்கும். மலாயாவில் 1948ஆம் ஆண்டு அடையாளக் கார்டும் 1951ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதியும் வந்தபின், நகையைவிடத் தாள் பெரிது என்பதை நம் குடும்பங்கள் பட்டு அறிந்தன. நகை போனால் சீட்டுக் கட்டி மறுபடி வாங்கலாம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் குடியுரிமைக்காக அலைந்தவர்களை நேயர்கள் அறிவீர்கள்.

அந்தத் தாள்களைக் காக்கும் பூட்டோ, பல நேரம் பக்கத்து வீட்டுச் சாவிக்கும் திறந்துகொள்ளும். ஒரே லாரியில் வந்து லயம் முழுவதும் தவணைக்கு விற்ற அலமாரிகள் அல்லவா! அந்தப் பூட்டு ஏன் அப்படி இருக்கிறது, அதைவிட நல்ல பூட்டு எங்கே எப்படிப் பிறந்தது என்பதை இன்று பார்ப்போம்.

உங்கள் இழுப்பறைச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைத் தண்டு, நுனியில் ஒரே ஒரு தட்டையான பல், அதில் ஒரு வெட்டு. இவ்வளவுதான் என்றால், அது ஐரோப்பாவில் நடுக்காலத்தில் புழங்கிய பூட்டின் பேரப்பிள்ளை. பூட்டுக்குள் ஓரிரு தகட்டுத் தடைகள் நிற்கும். அந்தத் தடைகளில் இடிக்காமல் சுற்றிவருவதற்காகவே சாவிப் பல்லில் வெட்டு இருக்கிறது. தடைகளைத் தாண்டிவிட்டால் சாவி நேரே நாக்கைத் தள்ளிவிடும். ஆகவே பல்லை அராவி மெலிதாக்கிய ஒரே சாவி நூறு பூட்டுகளைத் திறக்கும். வளைத்த கம்பியும் திறக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க 1778ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் ஒரு வழி கண்டார். நாக்கை லீவர் எனப்படும் தகடுகள் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு லீவரையும் சாவி அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் நாக்கு நகராது. கூடுதலாகத் தூக்கினாலும் நகராது. முன்பெல்லாம் தூக்கினால் போதும். பாரனுக்குப் பின் அளவாகத் தூக்க வேண்டும். இதைப் பள்ளியில் நாங்கள் பழைய அட்டையில் வெட்டிக் காட்டுவதுண்டு. மூன்று அட்டைகளை ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் நிறுத்தச் சொன்னால் பிள்ளைகள் திணறிப்போவார்கள்.

அடுத்து வந்தவர் நம் பேச்சுக்கு மிகவும் நெருங்கியவர்; ஏனெனில் அவர் மேசை நாற்காலி செய்த தச்சர். ஜோசப் பிரமா யார்க்ஷயரில் விவசாயியின் மகனாகப் பிறந்தவர். இளம் வயதில் காலில் அடிபட்டு, வயல்வேலைக்கு ஆகாமல் தச்சுத் தொழிலுக்கு வந்தார். 1784ஆம் ஆண்டு, குழல்போன்ற சாவியால் திறக்கும் ஒரு பூட்டுக்கு உரிமை பெற்றார். சாவியின் நுனியில் உள்ள வெட்டுகள், உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளை வெவ்வேறு ஆழத்துக்குத் தள்ளும். இத்தனை நுட்பமான உறுப்புகளைக் கையால் செய்து மாளாது. அதற்கான இயந்திரங்களை அமைக்க அவருக்குக் கைகொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர். லண்டன் பிக்கடில்லி வீதியில் இருந்த கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி தருவதாகப் பிரமா அறிவித்தார். 200 கினி என்பது 210 பவுன். அவர் வாழ்நாளில் அதை யாரும் வாங்கவில்லை.

1817ஆம் ஆண்டு போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் கள்ளச் சாவியால் திருட்டு நடந்தது. தன் சாவியால் மட்டுமே திறக்கும் பூட்டு வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் பரிசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் என்பவர் அதைச் செய்து காட்டினார். அந்தப் பூட்டில் ஒரு தந்திரம் உண்டு. வேறு சாவியை விட்டு லீவரை மிகையாகத் தூக்கினால் அது சிக்கிக்கொள்ளும். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டும் திறக்க முடியாத பூட்டுகள் என்று இங்கிலாந்து நம்பியிருந்தது. 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டுத் தொழிலாளி, சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிரமா பூட்டுக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் செலவிட்டு, அதையும் திறந்து பரிசை வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா, திருடனுக்குப் பாடம் அல்லவா என்று பலர் பதறினர். கள்வனுக்கு இது முன்பே தெரியும், வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். நம் கருத்தும் அதுவே. அந்த அவமானத்துக்குப் பிறகு பூட்டுச் செய்வோர் எல்லாரும் தங்கள் பூட்டுகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

1861ஆம் ஆண்டு அமெரிக்காவில் லைனஸ் யேல் இளையவர், எகிப்தியர் மரத்தில் செய்த பழைய ஊசிப் பூட்டின் கருத்தைச் சிறு பித்தளை உருளைக்குள் அடக்கினார். சட்டைப் பையில் கொள்ளும் சிறிய தட்டைச் சாவி நமக்குக் கிடைத்தது அதனால்தான். லீவர் பூட்டும் மறையவில்லை. தமிழ்நாட்டுத் திண்டுக்கல்லில் கையால் செய்யும் லீவர் பூட்டுகளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆக, 1778க்கு முந்திய பூட்டை இன்றும் சில பலகைச் சாமான்களில் வைத்து விற்கிறார்கள். மலிவு ஒன்றே காரணம். மாற்ற நினைப்பவர்கள் பழைய பூட்டைக் கழற்றி, இரும்புக் கடைக்குக் கையோடு கொண்டுபோவது நல்லது. இழுப்பறையின் மேல் விளிம்பிலிருந்து சாவித் துளையின் நடுவரை உள்ள தூரமும், முன்பலகையின் தடிப்பும் பொருந்த வேண்டும். சாவிப் பல்லில் ஏற்ற இறக்கமான படிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு லீவர் என்றால் இரண்டைவிட மேல். உருளைப் பூட்டாயின், முகப்பில் சாவி எண் பொறித்திருந்தால் வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்தே வேறொருவர் சாவி வாங்கிவிடலாம்.

மரத்தூள் பலகையில் பழைய திருகாணித் துளை தளர்ந்திருக்கும். மரக்குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்து, காய்ந்தபின் திருகுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். பூட்டாத மேல் இழுப்பறையை முழுதாக உருவிவிட்டால், கீழே பூட்டியிருப்பதற்குள் கைவிட முடியும். பல அலமாரிகள் அப்படித்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒட்டுப்பலகையை வைத்து ஆணி அடிக்காவிட்டால், எந்தப் பூட்டை வாங்கினாலும் பணம் வீண்.

இரண்டாவது சாவியை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அதையும் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத் தச்சரைத் தேடி ஓடுபவர்கள் நம்மில் உண்டு.